அளவு ஜாக்கெட்

என் ஓரகத்தி ரோகிணி எங்கள் வீட்டை விட்டுப் போக வேண்டும் என்று நான் இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு யாரும் வந்து என்னைப் பற்றிப் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்ததுபோல் பேசக்கூடாது.

விருதுநகரில் எங்கள் வீடு. கீழே நான், மல்லி வத்தல் கமிஷன் கடை வைத்திருக்கும் என் கணவர் கதிரேசன், மாமியார். மாடியில் கொழுந்தன் முத்தரசு, அவன் மனைவி ரோகிணி, மகள் துளசி. நானும் ரோகிணியும் ஆறு மாத இடைவெளியில் வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள். அப்போது இருவருக்கும் ஒரே உடம்பு. மாமியார் ஒவ்வொரு பொங்கலுக்கும் எங்களுக்கு ஒரே நிறத்தில் ஒரே கரையில் சேலை எடுப்பார். தையல்கார ஹபீபா அக்காவிடம் ஒரு அளவு ஜாக்கெட்டைக் கொடுத்தால் போதும், இரண்டு ஜாக்கெட் தைத்து வரும். எது யாருடையது என்று கேட்க வேண்டிய அவசியமே கிடையாது.

பன்னிரண்டு பொங்கல் கழிந்தது. ரோகிணியின் அளவு ஜாக்கெட் மாறவே இல்லை. என்னுடையதில் உள்பக்கம் விட்டிருந்த துணியை ஹபீபா அக்கா வருடத்துக்கு ஒரு தையலாகப் பிரித்துக்கொண்டே வந்தார். "இனிமே பிரிக்கிறதுக்கு இதுல துணி இல்லம்மா" என்று அவர் சொன்ன வருடம் என் எடை எண்பத்தாறு கிலோ. ஆனால் சேலை மட்டும் இன்னும் ஒரே மாதிரிதான் வந்துகொண்டிருந்தது. வேறு வேறு சேலையாக இருந்தால் எங்களை ஒப்பிட்டுப் பார்க்க ஊர்க்காரர்கள் கொஞ்சமாவது சிரமப்பட்டிருப்பார்கள்.

அவள் பட்டினி கிடந்து மெலிந்திருந்தால் நான் மன்னித்திருப்பேன். ரோகிணியும் எண்ணெய் புரோட்டா தின்பாள். ஒன்று. அதோடு கை கழுவிவிடுவாள். பாதி லட்டைக் கடித்துவிட்டு மீதியை டப்பாவில் திருப்பி வைக்கிற மனுஷியை நான் அவளைத் தவிர வேறு எங்கும் பார்த்ததில்லை. நானோ அவளை ஒரே மாதத்தில் முந்திவிடுவது என்று வைராக்கியமாகக் கிளம்பி, அரிசியை விட்டேன், குதிரைவாலிக்கு மாறினேன், கறியும் முட்டையுமாகத் தின்றேன், ஒருபொழுது இருந்தேன். ஒவ்வொரு தடவையும் ஒன்பது கிலோ இறங்கும், பதினொன்று ஏறும். எடை குறைக்கிற ஊசியும் போட்டுப் பார்த்தேன். அது கணையத்தை வீங்க வைத்து என்னை ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தது.

கடைசியில் ஈரல் டாக்டர் ஸ்கேனைக் காட்டித் தெளிவாகச் சொல்லிவிட்டார். ஈரலில் கொழுப்பைத் தாண்டித் தழும்பு விழ ஆரம்பித்துவிட்டது, எழுபத்து நாலு கிலோவுக்கு இறங்கி இரண்டு வருடம் அங்கேயே நிற்க வேண்டும், இறங்குவது பெரிதில்லை, நிற்பதுதான் பெரிது என்றார். நிற்க வைப்பதற்கு மதுரையில் புதிதாக ஒரு இடம் வந்திருக்கிறது என்று விலாசமும் கொடுத்தார்.

நிறைநிலை மையம் என்று அதற்குப் பெயர். அங்கே என்னை எடை பார்க்கவில்லை, திட்டவில்லை. ஒரு மாத்திரையை விழுங்கச் சொல்லி, கையில் ஒரு பட்டையைக் கட்டி, நாற்பது நாள் இஷ்டம்போல் தின்றுவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். நான் எதைப் பார்க்கிறேன், எப்போது பசிக்கிறது, எதற்கு நெஞ்சு படபடக்கிறது எல்லாம் மாத்திரையும் பட்டையும் சேர்ந்து குறித்து அனுப்பிக்கொண்டிருந்தன. நாற்பத்தைந்தாம் நாள் கதிரேசனையும் கூட்டிக்கொண்டு டிரைவர் இல்லாத பஸ்ஸில் போய் இறங்கினேன். ஆலோசகர் ஜெபக்கனிக்கு முப்பது வயதிருக்கும். அவசரமே இல்லாமல் பேசுகிற பெண்.

"நாங்க டயட்டு சொல்லிக் கொடுக்கிறவங்க இல்லக்கா. அது ஊர் பூராம் கிடைக்கும். உங்கள மாதிரியே ஒரு நிழல கம்ப்யூட்டருக்குள்ள உண்டாக்கிருக்கோம். உங்க பசி, உங்க வீடு, உங்க கோவம் எல்லாம் அதுக்கும் உண்டு. அத இருபத்திமூணு டயட்டுல, ஒவ்வொண்ணுலயும் பத்து வருஷம் வாழ விட்டோம். உங்களுக்கு நாலு நாளு. அதுக்குப் பத்துப் பத்து வருஷம்."

இருபத்திரண்டு டயட்டில் என் நிழல் தோற்றுப்போயிருந்தது. கறி முட்டை டயட்டில் நாற்பத்தேழு நாள். என் நிஜக் கணக்கும் அதேதான், எனக்குக் கூச்சமாக இருந்தது. இருபத்துமூன்றாவதில் மட்டும் பத்து வருடமும் நின்றிருந்தது. என்ன டயட் என்று ஆவலாகக் கேட்டேன். வழக்கமான வீட்டுச் சாப்பாடு, சோறு பாதி, காய் இரண்டு பங்கு, ராத்திரிச் சாப்பாடு ஏழு மணிக்குள், ஞாயிற்றுக்கிழமை ஆசைப்பட்டதில் ஒன்று. அவ்வளவுதான். இதைச் சொல்லவா மதுரைக்கு வரவழைத்தீர்கள் என்று கேட்டுவிட்டேன்.

ஜெபக்கனி கோபப்படவில்லை. டயட்டில் ஒன்றும் விசேஷம் இல்லை, அது ஏன் உங்களிடம் நிற்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது, அதற்காக நிழலின் வாழ்க்கையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தோம் என்றாள்.

"காலை நடைய எடுத்தோம், டயட்டு நின்னுச்சு. உங்க வீட்டு வேலைய எடுத்தோம், நின்னுச்சு. உங்க வீட்டுக்காரர எடுத்துப் பாத்தோம், அப்பவும் நின்னுச்சு."

நான் சிரித்தேன். கதிரேசன் சிரிக்கவில்லை.

"மாடியில இருக்கிறவங்கள எடுத்தோம். பதினோரு நாள்ல எல்லாம் போச்சு."

பிறகு ஜெபக்கனி அதை ஒரு நோயைச் சொல்வதுபோல் மெதுவாகச் சொன்னாள். ரோகிணி கண்ணில் படும்போதெல்லாம் என் கை தட்டிலிருந்து விலகுகிறதாம். அரை நிமிடம். அந்த அரை நிமிடத்தில்தான் இரண்டாவது கரண்டிச் சோறு விழாமல் போகிறதாம். இத்தனை வருடம் அது ஏன் உதவவில்லை என்று கேட்டேன். "நீங்க அவங்கள ஒரே மாசத்துல ஜெயிக்கணும்னு டயட்டு எடுத்தீங்க. அது வைக்கோல் தீ மாதிரி. இந்த டயட்டு மெதுவாத்தான் போகும். பொறாமையும் மெதுவா எரிஞ்சாத்தான் நிக்கும்" என்றாள்.

பொறாமை என்ற வார்த்தையைக் கணவனுக்கு முன்னால் ஒரு அந்நியப் பெண் என்மேல் வைத்தாள். நான் மறுக்கவில்லை. நம் ஆட்கள் அதை வயிற்றெரிச்சல் என்று சொல்லிவைத்திருப்பது சும்மா இல்லை.

இதில் அம்மனின் விளையாட்டு என்னவென்றால், என் வேண்டுதல் அந்த மாதம்தான் பலித்திருந்தது. முத்தரசுவுக்கு ஓசூரில் வேலை கிடைத்து, ஆனி பிறந்ததும் குடும்பத்தோடு போவதாக முடிவாகியிருந்தது. பன்னிரண்டு வருடம் எவள் போனால் போதும் என்று கிடந்தேனோ, அவள் போனால் என் ஈரல் போய்விடும்.

அதற்கும் மையத்தில் வழி இருந்தது. ரோகிணியின் நிழலையும் தயார் செய்து, அவள் ஓசூரில் இருந்து அனுப்புவதுபோலவே என் போனுக்குத் தினமும் படம் அனுப்புவார்கள். மாலை ஆறரைக்கு, சாப்பாட்டுக்கு முன்னால். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மதியம் ஒன்றரைக்கு. நானும் ஞாயிறு காலை கண்ணாடி முன் நின்று என் படத்தை மையத்துக்கு அனுப்ப வேண்டும். ஒரே நிபந்தனை, இரண்டு வருடம் நிஜ ரோகிணியோடு பேச்சு கூடாது, பார்க்கவும் கூடாது. ஆளை நேரில் பார்த்தால் நிழல் கலைந்துவிடும், கலைந்தால் பதினோரு நாள்தான் என்று ஜெபக்கனி இரண்டு தடவை எச்சரித்தாள். என் போனில் அவள் நம்பரையும் அடைத்துவிட்டார்கள். வீட்டில் எல்லோருக்கும் இது சொல்லப்பட்டது.

ரோகிணியின் சம்மதம் வேண்டும் என்றார்கள். அக்கா உடம்புக்காக என்று மட்டும் கதிரேசன் சொன்னார். அவள் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டாளாம். அந்தப் பெருந்தன்மையும் எனக்குப் பொறுக்கவில்லை. நானாக இருந்தால் நாலு கேள்வி கேட்டிருப்பேன்.

அவர்கள் போன மறுநாளே படம் வர ஆரம்பித்தது. ஏரிக்கரையில் ரோகிணி, காலில் ஓடுகிற ஷூ. பால்கனியில் ரோகிணி, கையில் பப்பாளி வைத்த கிண்ணம். கிளிப்பச்சைச் சேலையில் ரோகிணி, இடுப்பு கைக்குள் அடங்கும்போல. எல்லாம் செய்த படம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் எரிந்தது. சீரியலில் அழுகிறவள் சம்பளத்துக்கு அழுகிறாள் என்று தெரிந்தும் நாம் அழுவதில்லையா, அப்படித்தான். ஆறரைக்கு போன் முனகும், நான் படத்தை உற்றுப் பார்ப்பேன், இரண்டாவது கரண்டிச் சோற்றைச் சட்டியிலேயே விட்டுவிடுவேன். நாலு மாதத்தில் ஐந்து கிலோ இறங்கியது. மெதுவாகத்தான், ஆனால் ஏறவில்லை.

ஏறியது வேறொன்று. மாடியில் இருந்தபோது ரோகிணியைப் பிடிக்காவிட்டாலும் அவள் எனக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துத் தருவாள், துளசி என் மடியில் தூங்குவாள், வெறுப்புக்கு நடுவே மூச்சுவிட இடம் இருந்தது. படத்து ரோகிணி கஞ்சி தருவதில்லை. அவள் மெலிந்திருப்பதும் மினுக்குவதும் மட்டும்தான் செய்தாள். "கவலை இல்லாத மேனி, மினுக்குறதுக்கு என்ன" என்று ஒருநாள் மாமியார் காதில் படவே சொன்னேன். மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

அவர்மேலும் எனக்கு ஆத்திரம். புரட்டாசியில் பேத்தியைப் பார்க்கப் போகிறேன் என்று ஓசூருக்குக் கிளம்பியவர் நாற்பது நாள் கழித்துத்தான் வந்தார். சின்ன மருமகள் வீடென்றால் நாற்பது நாள் கால் தங்குகிறது, இங்கே நான் தலைவலி என்றால் தைலம் எடுத்துக் கொடுக்க ஆளில்லை என்று பொருமினேன். போய் வந்ததில் அவரே இளைத்திருந்தார். கதிரேசனும் வத்தல் சரக்கு விஷயமாக என்று மூன்று தடவை பெங்களூரு போய் வந்தார். வந்த பிறகு இரண்டு நாள் சரியாகப் பேச மாட்டார். கடை நெருக்கடி என்று நினைத்துக்கொண்டேன்.

பொங்கலுக்கு மாமியார் வழக்கம்போல் இரண்டு சேலை எடுத்தார். அரக்கு நிறம், மஞ்சள் கரை. ஒன்று ஓசூருக்குப் போயிற்று. என்னுடையதை நான் தைக்கக் கொடுக்கவில்லை. இன்னும் இறங்கட்டும் என்று பீரோவில் வைத்தேன்.

ஆவணியில் துளசிக்குக் காது குத்து என்று பேச்சு வந்தது. இருக்கன்குடியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. நீ வர வேண்டாம், உனக்கு இன்னும் பத்து மாதம் பாக்கி இருக்கிறது, அம்மன் கோவித்துக்கொள்ள மாட்டாள் என்று கதிரேசன் கெஞ்சினார். மாமியாரும் அதையே சொன்னார். அவர்கள் தடுக்கத் தடுக்க எனக்கு வீம்பு ஏறியது. அந்தப் பேச்சு வந்த அன்று காலை நான் எழுபத்து மூன்று கிலோ நானூறு கிராம். பதினாலு மாதம் ஒரு மனுஷியைப் பார்த்துப் பார்த்து வெந்தவள், ஆறிய பிறகு அவள் முன்னால் போய் நிற்காமல் இருப்பாளா? எந்தப் பொறாமை என்னைச் சோற்றிலிருந்து தள்ளி வைத்ததோ அதேதான் என்னைக் கோயிலுக்கு இழுத்தது. பதினோரு நாள் எச்சரிக்கை ஞாபகம் வந்தது. வந்தால் வரட்டும் என்றிருந்தேன்.

பீரோவைக் குடைந்தபோது அடித்தட்டில் ரோகிணியின் பழைய அளவு ஜாக்கெட் ஒன்று கிடந்தது. அதோடு அரக்குச் சேலையின் ஜாக்கெட் துணியையும் எடுத்துக்கொண்டு ஹபீபா அக்காவிடம் போனேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நாடாவை எடுத்து ஒரு சுற்று அளந்தார். "கொஞ்சம் புடிக்கும். மூச்ச அடக்கிக்கிட்டா சரியா இருக்கும்" என்றார். அடக்கிக்கொள்கிறேன் என்றேன். ஞாயிறு காலை அரக்குச் சேலையில் கண்ணாடி முன் நின்று மையத்துக்குப் படம் அனுப்பிவிட்டுக் கிளம்பினேன்.

கோயிலில் கூட்டம். நான் கண்ணால் துழாவினேன், அரக்குச் சேலையில் ஒல்லியாக எவள் நிற்கிறாள் என்று. முத்தரசு ஓடி வந்து, "மதினி, வந்துட்டீங்களா" என்றவன் அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றான். வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் கனத்த பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். தொளதொளவென்று சுடிதார், தலையில் வெயிலுக்குத் துண்டு. யாரோ முத்தரசு ஆபீஸ்காரி என்று அவளைத் தாண்டிப் போனேன்.

"அக்கா" என்றாள்.

குரல் மட்டும்தான் ரோகிணி. கன்னம் இரண்டும் உப்பிக் கண் உள்ளே போயிருந்தது. கை விரல்கூட வீங்கி மோதிரம் இல்லாமல் இருந்தது. அவளே என் கையைப் பிடித்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தாள்.

ஓசூர் போன இரண்டாம் மாதம் சிறுநீரகத்தில் ஆரம்பித்திருக்கிறது. புரட்டாசியில் நாற்பது நாள் பெங்களூரு ஆஸ்பத்திரி. மாமியார்தான் கூட இருந்திருக்கிறார். கதிரேசன் மூன்று தடவை ரத்தம் கொடுக்க ஆள் கூட்டிப் போயிருக்கிறார். உயிர் பிழைத்தது மாத்திரையில், உடம்பு ஊதியதும் அதே மாத்திரையில். இதையெல்லாம் அவள் ஊர்க்கதை சொல்வதுபோல் சொன்னாள்.

"ஆஸ்பத்திரியில சேத்தன்னிக்கு உங்களுக்குத்தாங்க்கா போன் அடிச்சேன். போகல. அப்புறம் அத்தான் சொன்னாங்க, அக்காவுக்கு இப்பத் தெரியக்கூடாது, தெரிஞ்சா அவ டயட்டு கலைஞ்சு ஈரல் போயிரும்னு. சரின்னுட்டேன். ஒருத்திக்குப் போனது போதும்ல."

நான் அழுதேன். கூட்டத்தில், மூக்கு ஒழுக, வெட்கமில்லாமல் அழுதேன். பதினாலு மாதம் வயிற்றுக்குள் கனன்றுகொண்டிருந்தது ஒரு நொடியில் அவிந்துபோனதை உடம்பாலேயே உணர்ந்தேன். கதிரேசன் தூரத்தில் தலையைத் தொங்கப் போட்டு நின்றார். அவரைத் திட்டவும் வாய் வரவில்லை. எனக்காகத்தான் செய்தார்கள், எல்லோரும் சேர்ந்து.

ரோகிணி என் தோளைத் தடவிக் கொடுத்தவள், கை ஜாக்கெட்டில் பட்டதும் நிறுத்தினாள். கழுத்து வெட்டைப் பார்த்தாள்.

"இது என் அளவுல்ல?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"எனக்கு இனி ஆகாதுக்கா. உங்களுக்காவது ஆச்சே" என்றாள். அதில் குத்தல் துளியும் இல்லை. இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

காது குத்தி முடிந்து பந்தி போட்டார்கள். நானும் ரோகிணியும் அடுத்தடுத்து உட்கார்ந்தோம். அவள் தன் இலையில் எதையும் வைக்க விடவில்லை. உப்பில்லாத சோறு டப்பாவில் கொண்டு வந்திருந்தாள். எனக்குப் பசித்தது. பதினாலு மாதத்தில் அப்படிப் பசித்ததில்லை. சோறு கேட்டு வாங்கினேன், இரண்டாம் தடவையும் வாங்கினேன், என் கை எங்கும் விலகவில்லை. ஜெபக்கனி சொன்னது சரிதான், கலைந்துவிட்டது, பதினோரு நாளோ என்னவோ, போகட்டும் என்று நினைத்தேன். நினைத்தபோது பயமே இல்லை, நிம்மதியாக இருந்தது. ரோகிணி இடது கையால் என் இடது கையைப் பிடித்திருந்தாள். இலையில் பால் பாயசம் ஊற்றினார்கள். முந்திரி மிதந்தது.

"குடிங்கக்கா. எனக்கும் சேத்து" என்றாள்.

வழித்தெடுக்கக் கையை வைத்தேன். மடியில் போன் முனகியது. ஞாயிறு, ஒன்றரை மணி. பார்த்திருக்க வேண்டாம். பழக்கம், கண் போய்விட்டது.

ஏரிக்கரையில் ரோகிணி. காலையில் நான் அனுப்பிய படத்தைப் பார்த்துத்தான் உடுத்தியிருக்க வேண்டும், அதே அரக்குச் சேலை, அதே மஞ்சள் கரை, அதே கழுத்து வெட்டு. அவளுக்கு அந்த ஜாக்கெட் எங்கும் இறுக்கிப் பிடிக்கவில்லை. மூச்சை அடக்காமல், வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு வயிறு எரிந்தது.

நிஜமான ரோகிணியின் வீங்கிய விரல்கள் என் விரல்மேல் இருந்தன. அந்தச் சூடு தெரிந்தது. எரிச்சலும் தெரிந்தது. இரண்டும் ஒன்றையொன்று தொடவே இல்லை. என் கை பாயசத்திலிருந்து தானாக எழுந்தது. அரை நிமிடம் இருக்கும். பிறகு இலையை என் பக்கமாக மடித்தேன்.

ரோகிணி மடித்த இலையைப் பார்த்தாள், அப்புறம் என் இடுப்பைப் பார்த்தாள்.

"உங்களுக்கு மட்டும் எப்படிக்கா முடியுது?" என்றாள்.

அந்தக் குரல் எனக்குப் புதிதில்லை. பன்னிரண்டு வருடமாக எனக்குள் ஓடிய குரல்தான், இப்போது அவள் வாயில் வந்தது. நான் போனைக் கவிழ்த்து வைத்தேன்.